முத்துச்சாமி பெயரில் ஒரு கைதி

ஸ்கூட்டரின் இரண்டு டயர்களும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஆணி ஏறிய ஓட்டை இல்லை, கத்தி போட்ட கிழிசல்.

"ரெண்டும் ஒரே நேரத்துல உசுர விட்டிருக்கு மேடம்," என்றார் ஸ்டான்லி, குனிந்து பார்த்து. "அம்புட்டு ஒத்துமையை எந்தப் புருசன் பொண்டாட்டிகிட்டயும் பாத்ததில்ல."

சகாயசெல்வி சிரிக்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டாக்ஸி ஸ்டாண்டின் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அவள் காலுக்கு நாலடி தள்ளிக் காறித் துப்பினான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

பதினெட்டு வருஷம் போலீசில் இருந்துவிட்டு வேலையை விட்டவள் சகாயசெல்வி. இப்போது அந்த ஸ்டாண்டின் மாடியிலேயே ஒரு சிறு அலுவலகம் வைத்திருந்தாள். வேலைக்குச் சேருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்துக் கொடுப்பது தொழில். காணாமல் போனவர்களைத் தேடுவதும் உண்டு, ஏமாற்றியவர்களைப் பிடிப்பதும் உண்டு. ஸ்டான்லி இருபத்தைந்து வருஷம் இதே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவர். முதுகுவலி வந்து ஸ்டியரிங்கை விட்டார். வாயை மட்டும் விடவில்லை. அவளிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஓட்டுநர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம், விடிந்த வேளையில், ஜோஸ்பின் என்ற பள்ளி ஆசிரியை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒட்டன்சத்திரம் போவதற்கு டாக்ஸி ஏறினாள். ஒரு மணி நேரம் கழித்து ரெட்டியார்சத்திரம் பக்கம் ரோட்டோரச் சோளக்காட்டில் தலை உடைந்து கிடந்தாள். கழுத்தில் இருந்த சங்கிலி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அவளால் சொல்ல முடிந்தது மூன்றே விஷயம்: வெள்ளைக் கார், கதவில் இந்த ஸ்டாண்டின் ஸ்டிக்கர், ஓட்டியவன் முகத்தில் மாஸ்க்.

போலீஸ் நெருக்கியது. ஸ்டாண்டில் நிற்கும் எல்லா ஓட்டுநர்களின் பின்னணியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், பழைய வழக்கு இருந்தால் லைசென்ஸில் டாக்ஸி ஓட்டுவதற்கான பேட்ஜ் புதுப்பிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வேலை சகாயசெல்வியிடம் வந்தது. முப்பத்தொரு பேரில் முப்பது பேர் சுத்தம். ஒருவன் மேல் மட்டும் வழக்கு இருந்தது. தொப்பம்பட்டி கருப்பணன் மகன் முத்துச்சாமி. ஆறு வருஷத்துக்கு முன் சங்கிலிப் பறிப்பு. பதினேழு நாள் ஜெயில். புகார் கொடுத்தவள் கோர்ட்டில் அடையாளம் காட்டாததால் விடுதலை.

அவள் எழுதிக் கொடுத்தாள். நேற்று மாலை போலீஸ் வந்து முத்துச்சாமியை வண்டியில் ஏற்றியது. அதற்கு முன்பே ஸ்டாண்டு அவன் முகத்தை வீங்க வைத்திருந்தது. அவன் போன பிறகு ஓட்டுநர்களின் எரிச்சல் அவள் பக்கம் திரும்பியது. ஒருவனைப் பற்றி எழுதியவள் நாளைக்கு யாரைப் பற்றியும் எழுதுவாள்.

மாடியில் ஒரு பெண் காத்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நாந்தான் முத்துச்சாமி சம்சாரம். பேரு பழனியம்மாள்," என்றாள். "உங்க காயிதம்தாங்க எங்கூட்டுக்காரரை உள்ள வெச்சிருக்குது. அவுரு ஜெயிலுக்குப் போனதா எழுதியிருக்கறீங்களாமா. கலியாணமாயி பத்து வருசம் ஆகுதுங்க. ஒரு நா ராத்திரி அவுரு வூட்டுக்கு வராம இருந்ததில்ல. பதினேழு நாளு ஜெயில்ல இருந்தாருன்னா எனக்குத் தெரியாமப் போயிருமாங்க?"

"ரெக்கார்டுல இருக்கும்மா. பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் ஒத்துப் போகுது."

"பேரு ஒத்துப் போச்சு. ஆளு?"

சகாயசெல்வி மேசை இழுப்பறையைத் திறந்து அந்த ஜெராக்ஸை எடுத்தாள். பழைய கைதுக் குறிப்பின் முதல் பக்கம். அதை வாங்கப் போன அன்றைக்கு, வழக்குப் பதிவான ஸ்டேஷனில் மிஷின் பழுது என்று ஒரு பக்கம்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அது போதும் என்று அவளும் வந்துவிட்டாள். இப்போது அது உறுத்தியது.

ஸ்டான்லி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு. கரிச்சட்டிக்கு அடிப்பக்கம் மாதிரி. இதை வெச்சு முத்துச்சாமியையும் பிடிக்கலாம், என்னையும் பிடிக்கலாம். நம்ம இன்ஸ்பெக்டரைக் கூடப் பிடிக்கலாம்."

"சிரிக்கறதுக்குங்களா நா வந்தேன்?" என்றாள் பழனியம்மாள்.

ஸ்டான்லி ஓரெட்டு பின்னால் நகர்ந்தார்.

சகாயசெல்வி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் குரலில் உப்பு மிளகாய் எல்லாம் இருந்தது. "நீங்களே எழுதிக் குடுப்பீங்க, நீங்களே சந்தேகப்படுவீங்களா? நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டுல நிறுத்துறேன். அதுக்குள்ள என்னத்தையாச்சும் கொண்டு வாங்க. வரலைன்னா அந்தப் பக்கம் தலை காட்டாதீங்க." அந்தப் பழைய ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவதற்கு மட்டும் சம்மதித்தார்.

பழனிப் பக்கத்து ஸ்டேஷன் அது. போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழே ஸ்கூட்டர் செத்துக் கிடந்தது. இந்த ஸ்டாண்டில் எவன் அவளை ஏற்றுவான்?

"என் வண்டியில போலாங்க," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

இளஞ்செழியன். ஸ்டாண்டின் செயலாளர், பழனியம்மாளின் கூடப் பிறந்த அண்ணன். முத்துச்சாமியை அடித்தபோது குறுக்கே விழுந்து நான்கு அடி வாங்கியவனும் அவன்தான். வெள்ளைச் சட்டை, காதை மூடிய முடி, சகாயசெல்வியின் முகத்தைப் பார்க்காத கண்கள்.

"உங்களுக்காக இல்லீங்க மேடம். மாப்பிள்ளைக்காக. நீங்க எழுதுனத நீங்களே அழிக்கப் போறீங்கன்னா நா வெறும் டீசல் காசுக்கே ஓட்டறேன். வேற எதும் எங்கிட்டப் பேச வேண்டாம்."

வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டியது. ஸ்டான்லி முன் சீட்டில். பின்னால் இடது பக்கம் சகாயசெல்வி, ஓட்டுகிறவனுக்குப் பின்னால் பழனியம்மாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு கைப்பையும் ஒரு சண்டையும் இருந்தன. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் பழனியம்மாளும் இளஞ்செழியனும் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே ரைட்டர் ஒரு தடித்த கட்டைத் தூசி தட்டிப் போட்டார்.

"ஏனுங்க, போன வாரந்தானுங்களே வந்து எடுத்துட்டுப் போனீங்க. மறுக்காவுமா?"

"ஒரு பக்கம் பாக்கியிருக்குங்க."

அவள் கட்டைத் திறந்தாள். கைதான நாள் ஜூன் நாலு. ஜாமீனில் வெளியே வந்த நாள் ஜூன் இருபத்தொன்று. கைதியின் பெயரை எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்டதற்கு, ரைட்டர் ஒரு வரியில் விரலை வைத்தார். சட்டைப் பையில் இருந்த, போட்டோ தேய்ந்துபோன ஓட்டுநர் லைசென்ஸ். பெயரும் அப்பா பெயரும் ஊரும் அதிலிருந்து எடுத்தவை.

சகாயசெல்வி தன் கோப்பைப் பிரித்தாள். பேட்ஜ் புதுப்பிக்க முத்துச்சாமி கொடுத்திருந்த லைசென்ஸ் நகல் அதில் இருந்தது. மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை. போன வாரம் அவள் கண்ணில் படாத வார்த்தை. டூப்ளிகேட். கொடுத்த தேதி, அதே வருஷம் ஜூன் பன்னிரண்டு.

"ஸ்டான்லி, லைசென்ஸ் தொலைஞ்சு டூப்ளிகேட் வாங்கணும்னா என்ன பண்ணணும்?"

"ஆபீசுக்கு நேர்ல போகணும் மேடம். கேமரா முன்னால உக்காந்து போட்டோ எடுத்துக்கணும், கையெழுத்துப் போடணும். நமக்குப் பதிலா மாமனாரை அனுப்புனா ஏத்துக்க மாட்டாங்க."

"ஜூன் பன்னெண்டாம் தேதி முத்துச்சாமி அங்க கேமரா முன்னால உக்காந்திருக்கான். அன்னிக்கு ஜெயிலுக்குள்ளயும் ஒரு முத்துச்சாமி இருக்கான்."

ஸ்டான்லி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நக்கல் எதுவும் வரவில்லை. "அப்ப உள்ள இருந்தவன் எவன்?"

தொலைந்து போன லைசென்ஸ் யார் பையில் இருந்ததோ அவன். சகாயசெல்வி இரண்டாவது பக்கத்தைப் புரட்டினாள். அங்க மச்ச அடையாளங்கள். ஒன்று, இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவில் கறுப்பு மச்சம். இரண்டு, வலது முழங்காலில் பழைய தழும்பு.

ரைட்டர் நகல் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை மிஷின் வேலை செய்தது.

திரும்பும்போது அவள் சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கினாள். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் ஒரு தடவை தொலைஞ்சுதா?"

"ஆமாங்க. ஆறு வருசமிருக்கும். வூட்டுல மாட்டி வெச்ச சட்டையில இருந்துது. பஸ்ல எவனோ அடிச்சிருப்பான்னு அவுரு சொன்னாரு."

"அப்ப வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க?"

"நாங்களும் கொழந்தையும். அண்ணனும் எங்க கூடத்தான் இருந்துது. அது அப்ப லாரி ஓட்டிட்டிருந்துது. ஆரஞ்சு லோடு ஏத்த நாக்பூர் போயி வர இருவது நாளு ஆயிப் போச்சு. லைசென்ஸ் வாங்க அலையறதுக்குக் கூட ஆளில்லைன்னு அவுரு தனியாத்தான் போனாரு."

"ஜூன்லயா?" என்றார் ஸ்டான்லி முன்னாலிருந்து, யோசிக்காமல். "ஜூன்ல நாக்பூர்ல ஏது ஆரஞ்சு? அந்த வெயில்ல மரமே எந்திரிச்சு நெழலுக்கு ஓடிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.  கண்ணாடியில் இளஞ்செழியனின் கண்கள் ஒரு தடவை பின் சீட்டுக்கு வந்து திரும்பின.

சகாயசெல்விக்குச் சாய்வாக எதிரே, இரண்டடி தூரத்தில், அவன் இடது காது. அதன்மேல் படிந்து கிடந்த முடி.

"ஏசியை நிறுத்திருங்க," என்றாள். "தலைவலி. கண்ணாடியை இறக்குனாப் போதும்."

"வெளிய அனலா அடிக்குதுங்க."

"பரவாயில்ல."

அவன் பொத்தானை அழுத்தினான். நான்கு கண்ணாடியும் இறங்கின. முருங்கைத் தோட்டங்களைத் தாண்டி வந்த காற்று காருக்குள் அறைந்தது. பழனியம்மாளின் முந்தானை பறந்தது. இளஞ்செழியனின் முடி மேலே எழும்பிப் படபடத்தது.

மிளகு அளவு என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

அவன் உடனே கையை உயர்த்தி முடியை அழுத்திக்கொண்டான். அவள் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பி, மடியில் போனை வைத்து ஸ்டான்லிக்கு இரண்டே வார்த்தை அனுப்பினாள். முன்னால் போன் ஒலித்தது. ஸ்டான்லி எடுத்துப் பார்த்தார். வைத்தார். அவர் பிடரி அப்படியே விறைத்தது. அதன்பின் நான்கு கிலோமீட்டருக்கு அவர் வாயே திறக்கவில்லை. அதைவிடப் பெரிய துப்பு இளஞ்செழியனுக்குத் தேவையில்லை என்று சகாயசெல்வி பயந்தாள். ஜோஸ்பின் ஏறி வந்த ரோடு இது. அவள் உட்கார்ந்த சீட்டும் இதுவாகத்தான் இருக்கும்.

"குடுங்க அந்தக் காயிதத்தை," என்றாள் பழனியம்மாள் திடீரென்று.

"ஸ்டேஷன்ல போய்..."

"எம் புருசனைப் பத்துன காயிதம். எனக்குப் படிக்கத் தெரியும். குடுங்க."

கொடுக்காமல் இருக்கலாம். ஏதாவது பொய் சொல்லலாம். போன வாரம் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இவள் வீட்டை உடைத்தவளுக்கு, இன்றைக்கு மறுபக்கத்தை இவளிடமிருந்து மறைக்க என்ன உரிமை இருக்கிறது என்று சகாயசெல்விக்குத் தோன்றியது. கொடுத்தாள்.

பழனியம்மாள் உதடு அசைய வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் உதடு நின்றது. மறுபடி அதே வரியின் தொடக்கத்துக்குப் போனாள். மறுபடி நின்றாள்.

அவள் நிமிர்ந்து முன்னால் பார்ப்பாள் என்று சகாயசெல்வி காத்திருந்தாள். அவள் பார்க்கவில்லை. அந்தக் காதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவள் இல்லை. தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன புள்ள எழுதியிருக்குது?" என்றான் இளஞ்செழியன், கண்ணாடியைப் பார்த்து.

"இங்கிலீசுல இருக்குதுண்ணா. ஒண்ணும் வெளங்கல."

தாளில் இருந்தது முழுக்கத் தமிழ்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் வண்டி வேகம் குறைந்தது. ரோட்டோரம் ஆள் உயரச் சோளம். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"இங்கதானாம், அந்த டீச்சரைத் தள்ளுனது," என்றான் அவன். குரல் மெதுவாக இருந்தது. "மேடம் பாக்கோணுமுங்களா? எறங்கிப் பாக்கறீங்களா?"

ஸ்டான்லியின் வலது கை ஹேண்ட் பிரேக்கின் பக்கம் நகர்ந்து நின்றது.

"நேரா போண்ணா," என்றாள் பழனியம்மாள். "ஸ்டேஷனுக்குப் போ. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள அவுரு மொகத்தை ஒருவாட்டி பாத்தாகோணும். நீயும் கூட வா. எனக்குத் தனியாப் போகத் தெம்பு இல்ல."

சோளக்காடு நகராமல் நின்றது. சகாயசெல்வி மூச்சை எண்ணினாள். பிறகு கியர் விழுந்தது. வண்டி திண்டுக்கல்லை நோக்கிப் பாய்ந்தது.

"ஆனாலும் அண்ணன் தங்கச்சின்னா இப்படி இருக்கணும்," என்றார் ஸ்டான்லி கடைசியில். அன்று முழுவதும் அவர் பேசியதில் சிரிப்பே வராத வாக்கியம் அது.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி மூன்றரை. இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் புறப்படத் தொப்பியை எடுத்திருந்தார். "என்ன, கெடச்சுதா உங்க..." என்று தொடங்கினார்.

பழனியம்மாள் சகாயசெல்வியை முந்திக்கொண்டு போய், மடித்த தாளை மேசையில் விரித்தாள். திரும்பி வந்தாள். அண்ணன் முன்னால் நின்று, குழந்தைக்கு முடி ஒதுக்குவதுபோல் அவன் இடது காது மேலிருந்த முடியை விரலால் விலக்கினாள்.

"இதைப் பாருங்க சார்."

அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். "உன்னைத் தூக்கி வளத்தவன்டி நா."

"அதனாலதான் தெரியுது," என்றாள் அவள். வலியில் முகம் கோணியது, கையை இழுக்கவில்லை. "உன் தோள்ல உக்காந்து எத்தன கோயில் நோம்பி பாத்திருக்கறேன். என் கண்ணுக்கு நேரா இருந்தது அதுதான்."

இரண்டு போலீஸ்காரர்கள் அவன் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. சகாயசெல்வி டூப்ளிகேட் லைசென்ஸையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கீழே வைத்தார்.

"இது ஆறு வருசத்துக்கு முந்தின கதை. போன வாரத்துக்கு என்ன சாட்சி?"

"டீச்சர்கிட்ட எல்லாரும் ஓட்டுனவன் முகத்தைப் பாத்தீங்களான்னுதான் கேட்டிருக்கீங்க சார். பின் சீட்டுல இருக்கறவங்களுக்கு முகம் எப்படித் தெரியும்? பின்னால என்ன தெரிஞ்சுதுன்னு கேளுங்க."

அவர் எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஜோஸ்பினின் களைத்த குரல் வந்தது. "மாஸ்க் கயிறு சார். காதுக்குப் பின்னால போட்டிருந்துச்சுல்ல, அது முடியை ஒதுக்கி விட்டிருந்துச்சு. கயிறு பக்கத்துல ஒரு மச்சம் இருந்துச்சு. இடது காது. மொதல்ல ஏதோ பூச்சின்னு நெனச்சேன். இதெல்லாம் யாரும் கேக்கலையே சார்."

இளஞ்செழியன் பெஞ்சில் உட்கார்ந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. மாலைக்குள் அவன் காரின் ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய சங்கிலியும் கிடைத்துவிட்டது.

முத்துச்சாமியை வெளியே விட ஆறு மணி ஆனது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. படியில் இறங்கி மனைவியைப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்து முகம் தெளிந்தான்.

"மச்சான் வந்திருக்காப்பிலயா? எங்க அவரு? நேத்து ராத்திரியும் இன்னிக்குக் காலையிலயும் சோறு வாங்கிக் குடுத்து, திங்கற வரைக்கும் கூடவே நின்னாரு புள்ள. எல்லாரும் அடிச்சப்ப அவரு ஒருத்தருதான்..."

"உள்ள இருக்குது," என்றாள் பழனியம்மாள்.

"உள்ள என்ன பண்றாரு?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தான், காரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். மெதுவாகப் படியில் உட்கார்ந்தான்.

சகாயசெல்வி ஓரடி எடுத்து வைத்தாள். "முத்துச்சாமி, நான் எழுதுனது..."

"வேண்டாங்க," என்றாள் பழனியம்மாள், திரும்பாமல். "நீங்க மன்னிப்புக் கேட்டா நா ஏதாச்சும் சொல்லோணும். இன்னிக்கு எங்கிட்ட நல்ல வார்த்த ஒண்ணும் இல்ல."

"வண்டி ஏற்பாடு பண்றேன்மா. வீட்டுல விட்டுருவாங்க," என்றார் ஸ்டான்லி.

"டாக்ஸி வேண்டாங்க."

அவள் கணவனின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவன் எழுந்தான், இரண்டடி நடந்தான், நின்றான். "கொழந்தைகிட்ட என்ன சொல்றது? மாமா எங்கன்னு கேக்குமே."

"வூடு போற வரைக்கும் நேரமிருக்குது," என்றாள் அவள். "ரெண்டு பேரும் யோசிப்போம்."

டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. இருவரும் முன் படியில் ஏறினார்கள்.